வரதப்பன் தானே போட்ட சட்டை

அன்று அந்தக் கட்டம் போட்ட சட்டையில் பொத்தான்கள் ஆறு, காஜாக்கள் ஆறு. மேல் பொத்தான் நான். எதிரே சொர்ணம் நின்றிருந்தாள்.

பக்கவாதத்தில் வலக்கை விழுந்த கணவர் வரதப்பனுக்கு அவள்தான் தினமும் சட்டை மாட்டிவிடுவாள். அன்று அவர், “நானே போடுறேன்” என்றார்.

இடக்கை தடவித் தடவி, எனக்கு அடுத்த தம்பியை என் காஜாவில் நுழைத்தது.

“டேய், இது உங்க அண்ணன் இடமாச்சே!” என்று சிரித்தது காஜா.

“கத்தாதே. சொர்ணம் பார்த்தா அவிழ்த்துடுவா. அவனைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ” என்றேன்.

மற்ற தம்பிகளும் ஆளுக்கொரு படி மேலே ஏறிக்கொண்டார்கள். சொர்ணம் கை நீட்டினாள். அவர் முகத்தைப் பார்த்ததும் மடக்கிக்கொண்டாள்.

“போயிட்டு வாங்க” என்றாள்.

சட்டை நைந்துபோனபின் பொத்தான் டப்பாவில் கிடக்கும் நாங்கள் இன்றும் பேசுவது அந்தக் காலையைத்தான். அன்று அவர் தெருமுனைவரை நிமிர்ந்தே நடந்தார். சட்டையில் மிச்சம், மேலே நான் ஒருவன், கீழே ஒரு காஜா.