ஆயில் முள்

“முள் கீழ விழுறதுக்கு அந்த ஒழுகுற சென்சார்தான் காரணம். எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு மாப்ள.”

“யார் சொன்னா?”

“நான்தான்.”

“அப்ப நீங்களே கழட்டி மாட்டிக்கோங்க மாமா. நான் போய் டீ குடிக்கிறேன்.”

மெக்கானிக்கின் அக்கா கணவர் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல ஜன்னலைப் பார்த்தார்.

லிஃப்டில் ஏறி நின்ற சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு அடியில் மெக்கானிக் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி நின்றுகொண்டான். அங்கிருந்து பார்த்தால் மாமாவின் முகம் தெரியாது. அது வசதியாக இருந்தது. ஆனால் பெல்ட் தெரிந்தது. கத்தியால் குத்திப் புதிதாகப் போட்ட ஓட்டை, அதையும் தாண்டித் தொங்கிக்கொண்டிருந்த வால்.

காலையிலேயே அக்கா போன் செய்திருந்தாள்.

“அவர் எது கேட்டாலும் ஒண்ணுமில்லைன்னு சொல்லு. அல்சர்னுதான் சொல்லி வச்சிருக்கு. உன் வாயைக் கொஞ்சம் கட்டு.”

அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. கஸ்டமர்கள் அவனுக்கு வைத்திருந்த பெயர் ‘தீர்ப்பு’. பார்ப்போம், செய்வோம் என்ற பேச்சே அவனிடம் கிடையாது. ஆசை ஆசையாகப் பழைய கார் வாங்கி, புதுப் பெண்டாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வந்தவனிடமே, “இது கார் இல்ல, கார் மாதிரி ஒண்ணு” என்று சொல்லி அனுப்பியவன்.

டாக்டர் மாமாவின் ரிப்போர்ட்டைப் பிரித்தபோது அறைக்குள் இருந்தது அவனும் அக்காவும்தான். ரத்தம் எடுக்க வேண்டும் என்று மாமாவை வெளியே அனுப்பியிருந்தார்கள். அக்கா அழவில்லை. அவருக்குத் தெரியக் கூடாது என்றாள், அவ்வளவுதான். எல்லா வீட்டிலும் கேட்டுப் பழகியதைக் கேட்டவர் போல டாக்டர் தலையாட்டினார்.

ஆயில் ஃபில்டருக்குப் பக்கத்தில், கட்டைவிரல் பருமனில் இருந்தது சென்சார். எஞ்சினுக்குள் ஆயில் என்ன அழுத்தத்தில் ஓடுகிறது என்று டாஷ்போர்டில் இருக்கும் முள்ளுக்குச் சொல்வது அதன் வேலை. அதன் உடம்பில் விரிசல் விட்டு, கசிந்த ஆயில் ஒயரோடு இறங்கி, சைலன்சர் குழாயில் சொட்டிக் கருகிக்கொண்டிருந்தது.

பிளக்கைக் கழற்றினான். அதற்குள்ளும் ஆயில். துடைத்தான். நீள சாக்கெட்டை மாட்டி மெல்லத் திருப்பினான். பழைய சென்சார் வெளியே வந்த வேகத்தில் ஒரு வாய்க் கறுப்பு ஆயில் மணிக்கட்டில் விழுந்து முழங்கை வரை ஓடியது.

“ஏன் மாப்ள, அவ்வளவு பெரிய டாக்டர் அல்சருக்கெல்லாமா நேரம் ஒதுக்குறார்?”

சாக்கெட் கை நழுவித் தரையில் உருண்டது.

“அக்கா விட்டாத்தானே,” என்றான்.

மாமா பெல்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

புதிய சென்சாரை விரலாலேயே மரை பிடிக்கவிட்டு, பிறகு அளவாக இறுக்கினான். பிளக்கைச் செருகினான். காரைக் கீழே இறக்கினான்.

தரையோடு தரையாகக் கிடக்கும் அந்த இருக்கைக்குள் முன்பெல்லாம் மாமா ஒரே அசைவில் சரிந்துவிடுவார். இன்று கதவைப் பிடித்தார், கூரையைப் பிடித்தார், ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்தார். மெக்கானிக் உதவிக்குக் கை நீட்டப்போய், அந்தக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

எஞ்சின் உறுமியது. முள் நிமிர்ந்தது.

“பார்த்தியா?” என்றார் மாமா.

அவன் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தான். ஒரு சொட்டு இல்லை. காய்ந்து கிடந்தது. நிமிர்ந்தபோது எஞ்சின் சூடாகியிருந்தது. முள் இறங்கிக்கொண்டிருந்தது. அவசரமில்லாமல், தூக்கம் வந்தவனின் தலை சாய்வது போல இறங்கி, அடியில் போய்ப் படுத்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சினின் அடியிலிருந்து லேசாக ஒரு தட்டல் கேட்டது.

பழைய சென்சார் ஒழுகத்தான் ஒழுகியது. பொய் சொல்லவில்லை. உள்ளே பேரிங்குகள் தேய்ந்து முடிந்து, ஆயில் அழுத்தம் நிஜமாகவே விழுந்துகொண்டிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அவன் இந்நேரம் சாவியைப் பிடுங்கியிருப்பான்.

மாமா முள்ளைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணுமில்ல மாமா,” என்றான். “புது சென்சார் இல்லையா, ஓட ஓடச் சரியாயிடும்.”

காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பழகியிருந்த வார்த்தை. தடங்கலே இல்லாமல் வந்தது.

மாமா எஞ்சினை அணைத்தார். பட்டறையில் சத்தம் போன பிறகும் ரேடியேட்டர் விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அது நிற்கும் வரை அவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

“போன வாரமே வேற பட்டறைல காட்டினேன்,” என்றார். “எஞ்சின் போச்சு, சென்சார் மாத்தி ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிட்டாங்க.”

அவன் துணியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

“உன் வாயிலேர்ந்து என்ன வருதுன்னு கேக்கத்தான் இங்க வந்தேன்.”

பக்கத்து இருக்கையின் கதவை உள்ளிருந்தே எட்டித் திறந்துவிட்டார்.

“வந்து உக்காரு மாப்ள. வண்டிக்குச் சொல்ற மாதிரி எனக்குச் சொல்லு.”