வானத்தைப் பார்க்க ஒரு ஆள்

"ரெண்டு பேர் பார்க்க வேண்டிய வேலைய நீ ஒருத்தியா ஏம்மா பார்த்த?"

பகலவன் போட்ட சத்தத்தில் கச்சிராயபாளையம் பயணியர் விடுதியின் சமையல்காரர் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மாநிலத்திலுள்ள போலீஸ் ட்ரோன் பிரிவுகளுக்கெல்லாம் தலைவர் பகலவன். விசாரணைக்கென்றே சென்னையிலிருந்து வந்திருந்தார். எதிரே விறைப்பாக நின்ற காவலர் எழில்மதியின் வேலை இருப்பதும் போவதும் அவர் எழுதப்போகும் அறிக்கையில் இருந்தது.

மூன்று நாளைக்கு முன்னால் கல்வராயன் மலையில் சாராய ஊறல் தேடி எழில்மதி ட்ரோன் பறக்கவிட்டாள். கண்ணெல்லாம் கையிலிருந்த திரையில். ட்ரோன் புளியமரக் கிளையில் இடித்து, மரவள்ளிக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த பெரியம்மாளின் மேல் விழுந்தது. தோள் எலும்பு முறிந்து, பாவம், ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

இதற்காகத்தானே விதி இருக்கிறது? ஒருவர் திரையைப் பார்த்து ஓட்ட வேண்டும். இன்னொருவர் பார்வையாளராக நின்று வானத்தைப் பார்த்தபடி மரம், கம்பி, ஆள் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த விதியை வரி வரியாக உட்கார்ந்து எழுதியவரே பகலவன்தான். அவருக்குக் கோபம் வராமல் வேறு யாருக்கு வரும்?

பதிவேட்டைப் புரட்டினார். ஆறு மாதமாகப் பார்வையாளர் கையெழுத்துக் கட்டம் காலி. ஜீப் டிரைவரைக் கையெழுத்துப் போடச் சொல்லி ஒப்பேற்றியிருக்கலாம். இந்தப் பெண் அந்தத் திருட்டுத்தனம் செய்யவில்லை என்பது அவருக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் விடவில்லை.

"ஆள் இல்லாம பறக்க மாட்டேன்னு சொல்லியிருக்கணும்."

"சொன்னேங்க ஐயா. கருணாபுரத்துல கள்ளச்சாராயம் குடிச்சு அத்தினி பேரு செத்த பின்னாடி, ஒரு நாள் பறக்கலன்னாலும் இன்னாத்துக்குன்னு கேக்கறாங்க. ஆள் குடுங்கன்னு மூணு தடவ எழுதிப் போட்டேன். பதிலே வரலீங்க."

மூன்று கடிதங்களின் நகலும் கோப்பில் இருந்தன. எல்லாம் அவருடைய அலுவலக முகவரிக்கு. ஒன்றுகூட அவர் மேசைக்கு வந்து சேரவில்லை. குமாஸ்தாக்களை மனசுக்குள் திட்டித் தீர்த்தார். கோபம் மெல்ல எழில்மதியை விட்டு வேறு பக்கம் திரும்பியது.

அவளோடு பயிற்சி எடுத்த ஆள் என்ன ஆனான் என்று கேட்டார். மாற்றுப் பணி என்று சொல்லி ஆறு மாதத்துக்கு முன்பே அனுப்பிவிட்டார்களாம். என்ன மாற்றுப் பணி என்று துருவியதில், அவள் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். யாரோ ஒரு பெரிய அதிகாரியின் வீட்டில் எடுபிடி வேலை.

பகலவனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு மாதம் பயிற்சி கொடுத்துத் தயார் செய்த ஆளை, எவனோ ஒருத்தன் தன் வீட்டுக்குக் கத்தரிக்காய் பொறுக்க அனுப்புகிறான்! அவன் பெண்டாட்டி பிள்ளைகள் சொகுசாக இருக்க, மலையில் காட்டு வேலை செய்கிறவள் தோளை உடைத்துக்கொள்ள வேண்டுமா? இவனெல்லாம் சோற்றைத்தான் தின்கிறானா?

"யாரு அந்த ஆளு? பேரைச் சொல்லு. ரிப்போர்ட்ல முதல் குற்றவாளியே அவன்தான்."

எழில்மதி தலையைக் குனிந்துகொண்டாள். "வேணாங்க ஐயா. என் மேலயே எழுதிடுங்க."

பயப்படுகிறாள் என்று அவருக்குப் புரிந்தது. எவ்வளவு பெரிய கொம்பனாக இருந்தாலும் விடப்போவதில்லை என்றார். அவள் வேலைக்குத் தான் பொறுப்பு என்று உறுதியும் கொடுத்தார். பிறகு பேனாவைத் திறந்து, புதுத் தாளில் குற்றம் சாட்டப்படுபவர் என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டுக் காத்திருந்தார்.

எழில்மதி நிமிர்ந்து அவரை நேராகப் பார்த்தாள்.

"உங்க பாப்பாவ தெனம் ஸ்கூல்ல கொண்டு போய் வுடறாரே பாரதி, அவருதாங்க ஐயா எங்கூட வானத்தப் பாத்துகினு இருந்தவரு."