ஜனவரி மலை

"உப்பைத் தனிப் பொட்டலமா கட்டு ஸ்ரீ. ஓடைப் பக்கம் அட்டை ஏறும்," என்றாள் அம்மா நீலாவதி.

ஸ்ரீதர் கட்டினான். சென்னையிலிருந்து தீவுக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. குட்வில் எஸ்டேட் வீட்டுத் தரையெங்கும் டார்ச், கேன்வாஸ் ஷூ, அவல் பாக்கெட். மழை ஓய்ந்து மலைவழி காய்ந்து கிடக்கும் மாதம்.

"டிக்லிபூர் தாண்டி ஜீப்பை விட்டு இறங்குறோம். கொஞ்ச தூரம் கடலை ஒட்டியே நடை. அப்புறம் காடு. உள்ள நுழைஞ்சதும் வெயில் பச்சையா மாறிடுமாம். மேல போகப் போக மரமெல்லாம் குள்ளமாகிடுமாம். உச்சியில மேகம் நம்மள நனைச்சிட்டுப் போகுமாம். அது கலைஞ்சா கீழ கடல்."

அம்மா சாடில் பீக் மலையைப் பார்த்ததே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, சொல்லச் சொல்ல மனசுக்குள்ளேயே ஏறினாள். பையில் தலை வைத்துப் படுத்து அவனும் பின்னாலேயே ஏறினான். கொஞ்ச நேரம் இருவர் காலடியிலும் சருகு நொறுங்கியது.

"ஆன்ட்டி, நாளைக்குக் காலையில நாலு மணி, பக்காதானே?" வாசலில் ஜீப் ஓட்டும் ஈஸ்வரன்.

அம்மா கண்ணைத் திறந்தாள். "ஃபாரஸ்ட் பர்மிட் இன்னும் கையெழுத்தாகலப்பா."

"அரே, இந்தத் தடவையுமா? அஞ்சு வருஷமா இதே கதை. மலையும் பாவம், நின்னுக்கிட்டே இருக்கு." தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டான்.

ஐந்து வருஷம் முன்னால், வேலைக்காக மெயின்லேண்ட் கிளம்பிய அன்று, அம்மாவோடு போட்ட சண்டையில் ஸ்ரீதர் கத்தியிருந்தான்: "இங்க நான் பாக்காதது அந்த மலை ஒண்ணுதான். அதையும் ஏறிட்டா இந்தத் தீவுப் பக்கமே வர மாட்டேன்."

அம்மா உப்புப் பொட்டலத்தைப் பிரித்து டப்பாவில் கொட்டினாள். "ஆசையா வந்தே. அடுத்த ஜனவரி வருவியா?"

"வராம? மலை பாக்கி இருக்கே."

அவள் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் ஸ்ரீதர் அடுக்களைக்குப் போய் அரிசி டின்னுக்குள் கையை விட்டான். அடியில் அந்த பிளாஸ்டிக் கவர். போன வருஷம் அவன் பார்த்தபோது உள்ளே நாலு பர்மிட் இருந்தன. இப்போது ஐந்து, எல்லாவற்றிலும் கையெழுத்து, முத்திரை.

கவரை இருந்த இடத்திலேயே புதைத்து, மேலே அரிசியைத் தடவிச் சமமாக்கி, சத்தமில்லாமல் டின்னை மூடினான்.