பதினோராவது கதவு

சைரன் ஒலித்தால் பத்துக் குடும்பங்கள் நாற்பத்தெட்டு நொடியில் அடித்தளத்துக்கு இறங்கிவிடும். பதினோராவது அறைக்காரி மட்டும் வந்து சேர நான்கு நிமிடம் ஆகும்.

ஏன் என்று விடுதிப் பொறுப்பாளருக்குப் பிடிபடவே இல்லை.

சைரனுக்கும் குண்டுக்கும் நடுவே தொண்ணூறு நொடிதான் இடைவெளி.

போருக்கு முன் அவர் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. இப்போது மருத்துவமனையை ஒட்டிய இந்த விடுதியில், புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வந்த குழந்தைகளையும் பெற்றோரையும் பார்த்துக்கொள்கிறார். கழுத்தில் விசில், கையில் ஸ்டாப்வாட்ச். பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் மணிக்கூண்டு.

மணிக்கூண்டு எல்லாவற்றையும் அளந்து பார்த்தார். பதினான்கு கிலோ எடையைச் சுமந்துகொண்டு இரண்டாம் மாடியிலிருந்து தானே இறங்கினார். முப்பத்தைந்து நொடி. அந்த அறைக் குழந்தைக்கு நான்கு வயது, எடையும் அதே பதினான்கு கிலோதான். தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டார். பை தயாராக இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது.

கேட்டால் ஒரு நாள் செருப்பு கிடைக்கவில்லை என்பாள். மறுநாள், பாப்பா பாத்ரூமில் இருந்தாள் என்பாள்.

"மகாராணி சீவிச் சிங்காரிச்சுட்டுத்தான் வருவாங்க" என்று மூன்றாம் அறைத் தையல்காரி நொடித்தாள்.

அன்று பகல் பதினொன்றரைக்குச் சைரன் அலறியபோது பொறுப்பாளர் கீழே போகவில்லை. வராந்தாவின் கோடியில் நின்றார். பத்துக் குடும்பங்களும் தடதடவென்று இறங்கி ஓய்ந்தன.

ஐம்பது நொடி. பதினோராவது கதவு அசையவில்லை.

அறுபது. அவரே தள்ளித் திறந்தார்.

கதவுக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். காலில் செருப்பு, தோளில் பை. குழந்தையை மார்போடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தாள். இருவர் முகத்திலும் முகக்கவசம்.

"கிட்ட வராதீங்கக்கா."

"பைத்தியமா உனக்கு? இறங்கு!"

"இன்னும் மூணு நிமிஷம்."

எண்பத்தெட்டு. எண்பத்தொன்பது.

இரண்டு தெரு தள்ளி விழுந்தது. சன்னல் சட்டம் நடுங்கியது. கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. அவள் குழந்தையின் தலையை உள்ளங்கையால் மூடினாள். நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"ரத்தத்துல வெள்ளணு இன்னைக்கு இருநூறுதான்க்கா. படியில எல்லாரும் இருமிட்டே இறங்குறாங்க, அந்தக் காத்து அடங்கணும். குண்டு நம்ம மேல விழுந்தாலும் விழும், விழாமலும் போகும். காய்ச்சல் வந்தா இவ தாங்க மாட்டா."

பொறுப்பாளர் வாசலுக்கு வெளியே பின்வாங்கினார்.

மருந்து புற்றுநோய் அணுக்களைக் கொல்லும்போது, உடம்பின் காவல்காரர்களான வெள்ளணுக்களையும் சேர்த்துக் கொன்றுவிடும். ஆயிரக்கணக்கில் இருக்க வேண்டியவை சில நாட்களுக்கு நூறுகளில் நிற்கும். அந்த நாட்களில் அடுத்தவர் வீட்டுச் சாதாரணச் சளியே எமன். அடித்தளத்தில் இப்படிப்பட்ட குழந்தைக்கென்று நெகிழித் திரை போட்ட தனி மூலை இருந்தது. ஆனால் அங்கே போகும் படிக்கட்டு ஒன்றே ஒன்று. அதன் சன்னல்களையெல்லாம் மணல் மூட்டை அடுக்கி அடைத்தாயிற்று. அங்கே விட்ட மூச்சு அங்கேயே நிற்கும்.

"இதை ஏன் சொல்லலை?"

"எல்லாரும் எங்களுக்கும் சேர்த்துத் தண்ணி பிடிச்சு வைக்கிறவங்க. உங்க பிள்ளை இருமுதுன்னு எந்த வாயால சொல்றது?"

மாலையில் பொறுப்பாளர் எல்லோரையும் வராந்தாவில் தள்ளித் தள்ளி நிற்கவைத்து விஷயத்தைச் சொன்னார். பதினோராவது அறைக்காரி தன் வாசலில் தலை குனிந்து நின்றாள். அவள் முதலில் இறங்க வேண்டும். அதுவரை மற்றவர்கள் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

"குண்டு வர்ற நேரத்துல பிள்ளையைத் தூக்கிட்டு நாங்க கதவுக்குப் பின்னால நிக்கணுமா?" என்றாள் தையல்காரி.

அது நியாயமான கேள்வி.

லாரி ஓட்டுநர் தொண்டையைச் செருமினார். விடுதியிலேயே அதிகம் இருமுவது அவர் மகன்தான்.

"முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா. லாரிக்காரனுக்கு ஆம்புலன்சுக்கு வழி விடத் தெரியாதா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். தையல்காரி சிரிக்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள். அவள் ஒருத்தி வெளியே வந்தால் போதும், மற்றவர்களும் பின்னாலேயே ஓடி வந்துவிடுவார்கள் என்று பொறுப்பாளருக்குத் தெரியும்.

மறுநாள் காலை சைரன் ஒலித்தது. அவர் படித் தலைப்பில் நின்று ஸ்டாப்வாட்சை அழுத்தினார்.

பதினோராவது கதவு திறந்தது. வெறும் வராந்தாவில், வெறும் படிக்கட்டில், யாரும் மூச்சு விட்டிராத காற்றில் அவள் குழந்தையோடு இறங்கினாள்.

பத்துக் கதவுகள் சாத்தியே இருந்தன. மூன்றாம் அறைக் கதவும்தான். அதன் பின்னால் குழந்தை சிணுங்கியது. "உஷ், இப்போ போயிடலாம்" என்று தையல்காரியின் குரல் கேட்டது.

முப்பத்தைந்தாவது நொடியில் பொறுப்பாளர் விசில் ஊதினார். பத்துக் கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தன.

முப்பத்தைந்தும் நாற்பத்தெட்டும் எண்பத்து மூன்று. மீதி ஏழு நொடியில் அடித்தளத்தின் இரும்புக் கதவைச் சாத்தித் தாழிட்டுவிடலாம்.