புகார்தாரர் ஆஜரா?

டவாலி துலுக்காணம் வராந்தாவில் நின்று மூன்று தடவை கத்தினார்.

"புகார்தாரர் தாசில்தார் நாகபூஷணம்! தாசில்தார் நாகபூஷணம்! தாசில்தார் நாகபூஷணம் ஆஜரா?"

யாரும் வரவில்லை. எப்படி வருவார்? தாசில்தார் நாகபூஷணம் உள்ளே மாஜிஸ்திரேட் நாற்காலியில் உட்கார்ந்து கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்படிக் கூப்பிட வைத்தவன் நான்தான். பெயர் சம்பத், சித்தூரில் வக்கீல். அன்றைக்கு என் கால் தரையில் இல்லை.

அந்தத் தாலுகா கச்சேரியில் காலையில் அவர் தாசில்தார். மதியம் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டால் அதே அறையில் மாஜிஸ்திரேட். தடை உத்தரவு போடுவது, மீறினவனைப் பிடிப்பது, புகார் எழுதுவது, தீர்ப்புச் சொல்வது எல்லாம் ஒரே ஆள். சர்க்காருக்கு எவ்வளவு சம்பளம் மிச்சம்! நிர்வாகம் வேறு, நீதி வேறு என்று பிரிக்கச் சொல்லி அரசியல் சட்டம் வந்து ஏழு வருஷமாகிறது. ஹைதராபாத்தில் அதைப் பற்றி மிக நன்றாகப் பேசுகிறார்கள்.

கூண்டில் நின்றவர் கன்னையா, கரும்பு விவசாயி.

எங்களை மெட்ராஸோடு சேருங்கள் என்று எல்லையோரத்து ஏழு ஊர் கொடுத்த மனு அவர் பெயரில் இருந்தது. எல்லைத் தகராறை விசாரிக்கும் அதிகாரி மறுநாள் காலை பத்து மணிக்கு டிராவலர்ஸ் பங்களாவில் உட்காருகிறார். மனுதாரர் நேரில் வரவேண்டும். வராவிட்டால் ஏழு ஊர் மனுவும் தள்ளுபடி.

அந்த விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால்தான் கன்னையாவைப் பிடித்தார்கள்.

நாலு பேருக்கு மேல் கூடக் கூடாது என்பது தாசில்தார் போட்ட தடை. வெல்லக் கொப்பரையை அடுப்பிலிருந்து இறக்க ஆறு பேர் வேண்டும். கன்னையாவும் ஐந்து பேரும் கொப்பரையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது ஜீப் வந்து நின்றது. நாகபூஷணம் இறங்கி, விரல் நீட்டி எண்ணினார். கொப்பரையைக் கீழே வைக்கும் வரை பொறுமையாகக் காத்திருந்தார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மற்ற ஐந்து பேரும் நேற்றே குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதம் கட்டி, இருட்டுவதற்குள் வீடு போய்விட்டார்கள். நான் வரும் வரை வாயே திறக்கக் கூடாது என்று கன்னையாவுக்கு மட்டும் ஆள் அனுப்பியிருந்தேன்.

"வக்கீலய்யா, நானும் ஒத்துக்கினு, அபராதத்தக் கட்டிட்டு போய்க்கினே இருக்கறேனே. நாளைக்கு பத்து மணிக்கு நான் பங்களாவுல நிக்கணும். எனக்கு அதான் வோணும்."

நான் விடவில்லை. வெல்லம் காய்ச்சியது குற்றமா? இது உங்கள் ஒருவர் வழக்கு இல்லை, இந்தியாவின் நீதித்துறை வழக்கு என்றேன். அவர் என்னைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்தார்.

என் கணக்கு சுலபமானது. கூப்பிட்டும் புகார்தாரர் வராவிட்டால் கூண்டில் நிற்பவரை விடுதலை செய்ய வேண்டும் என்பது சட்டம். நான்தான் அந்தப் புகார்தாரர் என்று மாஜிஸ்திரேட் வாயைத் திறந்தால், தன் வழக்கைத் தானே விசாரிக்கக் கூடாது என்பதும் சட்டம். மனுஷன் எந்தப் பக்கம் திரும்புவார்?

கச்சேரியே சிரித்தது. பெஞ்சு கிளார்க்கு வழக்குக் கட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

நாகபூஷணம் நிதானமாக எழுந்தார். "ஆஜர்" என்றார். மறுபடி உட்கார்ந்தார்.

"வக்கீல் சொல்வது நூற்றுக்கு நூறு நியாயம். புகார் கொடுத்தவனே தீர்ப்புச் சொன்னால் அது என்ன நீதி?"

பின்னால் நின்ற ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது. தலை குனிந்து வணங்கினேன்.

"ஆகவே இந்தக் கட்டை இனி நான் தொடமாட்டேன். சித்தூருக்கு அனுப்புகிறேன். வேறொரு மாஜிஸ்திரேட்டைப் போடுவார்கள்."

கட்டு சித்தூர் போய், உத்தரவாகி, புது ஆள் வந்து சேரப் பத்து நாளாவது ஆகும். பங்களா விசாரணையோ நாளைக் காலை பத்து மணிக்கு. ஜாமீன் கேட்டேன்.

அவர் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினார். "தண்டிக்க அதிகாரமில்லாதவனுக்கு, வெளியே விட மட்டும் அதிகாரம் எங்கிருந்து வரும்? நீங்கள்தானே சொன்னீர்கள்?"

கன்னையாவைத் திரும்பவும் சப்ஜெயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

கிளார்க்கு எனக்கு உத்தரவின் நகலைக் கொடுத்தார். இரண்டு பக்கம், டைப் அடித்தது. நல்ல இங்கிலீஷ். 'வக்கீல் சம்பத்தின் சீரிய வாதத்தை முழுமனதோடு ஏற்று' என்று ஆரம்பித்திருந்தது. அந்த அறையில் டைப் மிஷின் சத்தமே கேட்கவில்லையே என்று யோசித்தபடி அடியில் பார்த்தேன். கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. தேதி, நேற்றைய தேதி.

நான் நேற்று சித்தூரில் இருந்தேன்.

சப்ஜெயில் கச்சேரிக்குப் பின்புறம்தான். கன்னையா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"அய்யா, எல்லாரும் கைதட்னாங்களே. நாமதான கெலிச்சோம்?"

"நாம்தான்" என்றேன். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அப்ப கதவ எப்பத் தொறப்பாங்கோ?"