ஆறரை மணி ஹாரன்

சரண்யாதேவியின் சிவந்த கண்களைப் பார்த்ததும், குடியிருப்போர் சங்கத் தலைவர் பத்ரிநாத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ரயில் ஹாரனால் தூக்கம் கெடுகிறது என்று எழுதிய மனுவோடு சேர்த்துக் காட்ட உயிருள்ள சாட்சி ஒன்று கிடைத்துவிட்டது.

"பின்னாடி எதுக்கும்மா உட்கார்ற? முன்னாடி வா, ஆபீசர் உன் கண்ணைப் பாக்கட்டும்" என்று கூட்டிப் போய் முதல் வரிசையில் உட்கார வைத்தார்.

மதுரைக்குள் ரயில் பாதையை ஒட்டியிருந்த அந்தக் காலனியில், ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம். ரயில் ஹாரன் சத்தத்தைக் குறைக்கச் சொல்லும் கூட்டம் என்பதால் ஸ்பீக்கர் நான்கு மட்டுமே கட்டியிருந்தார்கள். அதில் ஒன்று, வந்திருந்த ரயில்வே அதிகாரியின் காதுக்கு நேரே இருந்தது.

சரண்யாதேவி டி. கல்லுப்பட்டிக்காரி. இங்கே குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது. விடிவதற்கு முன்பே பையும் டிபன் பாக்சுமாகக் கிளம்பிவிடுவாள். என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை. நர்ஸ் என்று காலனியே முடிவு செய்துகொண்டது. பொருளாளர் முத்துப்பாண்டி அவளை வழிமறித்துத் தன் முழங்கால் வலிக்கு வைத்தியமே கேட்டிருக்கிறார்.

பத்ரிநாத் மைக்கைப் பிடித்தார்.

"காலைல ஆறரை மணி பாசஞ்சர் சார். நம்ம காலனி வந்ததும் அந்த டிரைவருக்கு என்ன வருமோ தெரியல, விடாம அடிக்கிறான். வாக்கிங் போறப்ப காதுல இயர்போன் மாட்டிப் பாட்டுக் கேக்குற ஆளு நான். அதையும் மீறி, முதுகுக்குப் பின்னாடியே வந்து நின்னு அடிக்கிற மாதிரி இருக்கு. போன திங்கக்கிழமை எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு!"

கைதட்டல் எழுந்தது. அதிகாரி காதைத் தேய்த்துக்கொண்டார்.

"அவனை வேலைய விட்டே தூக்கணும். நூத்திப் பன்னெண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்கோம்."

காலனியில் இருந்த பெரியவர்கள் எண்பது பேர்தான். அதிகாரி அதை எண்ணிப் பார்க்கவில்லை.

"மனுவை மேல அனுப்புறேங்க. அந்த டிரைவர்கிட்ட விளக்கம் கேப்பாங்க" என்றார்.

"மேல அனுப்ப வேணாம் சார். விளக்கத்தை இங்கேயே சொல்லிடுறேன்."

எழுந்து நின்றவள் சரண்யாதேவி.

"வாரத்துல அஞ்சு நாள் அந்த வண்டிய ஓட்டுறது நான்தான்."

கூட்டம் பஜ்ஜி மெல்வதை நிறுத்தியது.

"நீ நர்ஸ் இல்லையாம்மா?" என்றார் முத்துப்பாண்டி, முழங்காலைத் தடவியபடி.

"நீங்க கேக்கவே இல்லையேண்ணே."

பத்ரிநாத் சுதாரித்துக்கொண்டார். "சரிம்மா. பொம்பளப் பிள்ளை ரயில் ஓட்டுறது காலனிக்கே பெருமைதான். அதுக்காக இம்புட்டுச் சத்தமா?"

சரண்யாதேவி அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

"நம்ம காலனிச் சுவர் இடிஞ்ச சந்து வழியா ஒருத்தர் தினமும் லைனைத் தாண்டுறார் சார். எம்புட்டு அடிச்சாலும் நிமிர்ந்து பாக்க மாட்டார். திங்கக்கிழமை எமர்ஜென்சி பிரேக்கும் போட்டேன், வண்டி நிக்கல. இஞ்சினுக்கு அடியில ஆள் போயிட்டார்னே நெனச்சேன். எட்டிப் பாத்தா, அந்தப் பக்கமா அவர் பாட்டுக்கு நடந்து போறார்."

தன் சிவந்த கண்களைக் காட்டினாள்.

"அன்னையிலிருந்து கண்ணை மூடுனா அந்த முதுகுதான் தெரியுது. ஒரு ஆளைக் கொன்னுட்டேன்னு நெனச்ச அந்த அரை நிமிஷம், தூங்கவே விட மாட்டேங்குது சார்."

கூட்டம் கொதித்தது. அதில் அதிகமாகக் கொதித்தவர் பத்ரிநாத்.

"யாரும்மா அந்தப் பொறுப்பு இல்லாத மனுசன்? அவன் ஒருத்தனால மொத்தக் காலனிக்கும் தொல்லை! ஆளைக் காட்டு, இப்பவே போலீஸ்ல பிடிச்சுக் குடுப்போம்!"

நான்கு ஸ்பீக்கரிலும் அவர் குரல் அதிர்ந்தது. அது அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"நீங்கதான் சார்."