ஓட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வால்

கடைக்காரர் கையில் வால் இருந்தது. பல்லி தொட்டிக்குள் இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். தொட்டியைத் துடைக்கும் அவசரத்தில், சிறுத்தை மாதிரி புள்ளி வைத்த அந்த மஞ்சள் கெக்கோ பல்லியை உள்ளங்கையில் ஏந்தி எடுக்காமல், பின்னாலிருந்து லபக்கென்று பிடித்துவிட்டார். அது மிரண்டு, வாலைக் கழற்றி அவரிடமே கொடுத்துவிட்டு ஓடிவிட்டது. வால் மட்டும் அவர் விரலிடுக்கில் துள்ளிக்கொண்டிருந்தது.

‘வாலைப் பிடிக்காதீங்க’ என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லியே வாய் வலித்த மனிதர் அவர்.

“போச்சு! நேத்து போன்ல பேசின ஆளு இப்போ வந்துடுவார். ஒரு குறையும் இல்லாத பல்லின்னு அடிச்சுச் சொல்லியிருக்கேன்.”

மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்த மனைவி திரும்பாமலே சொன்னாள். “நடந்ததைச் சொல்லிடுங்க. கடவுளுக்குப் பொதுவா பேசினா ஒரு வியாபாரம் போகும். அவ்வளவுதானே?”

“இந்த மாசத்துக்கே அந்த ஒரு வியாபாரம்தான். இதுவும் போச்சுன்னா கடையைப் பூட்டிட்டு உங்க அண்ணன்கிட்ட வேலைக்குப் போக வேண்டியதுதான்.”

“எங்க அண்ணன் என்ன புலியா?”

“புலின்னா கூண்டுல வச்சு வித்துடுவேனே!”

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கடைக்காரர் மூளை பரபரவென்று வேலை செய்தது. வால் துள்ளி ஓய்ந்திருந்தது. பல்லி, தொட்டியில் கவிழ்த்திருந்த வளைந்த மண் ஓட்டுக்குள் பதுங்கி, ஒரு பக்கம் தலையையும் முன்னங்கால்களையும் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் வாலை எடுத்து, ஓட்டின் மறுபக்கத்தில் பாங்காகச் சொருகி வைத்தார்.

இந்தப் பக்கம் தலை, அந்தப் பக்கம் வால். பார்த்தால், முழுசாக ஒரு பல்லி உள்ளே படுத்திருக்கிறது!

மனைவி அதைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டு மீன் தொட்டிப் பக்கமே திரும்பிவிட்டாள். அதுதான் அவருக்கு என்னவோ போலிருந்தது.

வந்தவர் கண்ணாடி போட்ட, சாதுவான மனிதர். கடையை இரண்டு தடவை நோட்டம் விட்டுவிட்டுத் தொட்டியருகே குனிந்தார்.

“பல்லி ஆரோக்கியமா இருக்கான்னு எப்படிங்க பார்க்கிறது?”

“கண்ணைப் பாருங்க சார், பளிச்சுன்னு இருக்கா? மூக்கு, வாய் சுத்தமா இருக்கணும். விரல்களைப் பாருங்க, உரிச்ச தோல் ஒண்ணுகூட ஒட்டிக்கிட்டு இல்லை. ஒட்டினா விரலே போயிடும்.”

கண்ணாடிக்காரர் விரல் விரலாகப் பார்த்தார். பிறகு மெதுவாக மறுபக்கம் நகர்ந்தார்.

“வால்?”

“வாலா? என் கட்டைவிரல் தண்டி! உடம்புக்கு வேண்டிய கொழுப்பையெல்லாம் அதுலதான் சேர்த்து வைக்கும். வால் குண்டா இருந்தா ஆள் நல்லா இருக்குன்னு அர்த்தம்.”

“தொட்டுப் பார்க்கலாமா?”

“ஐயையோ!” கடைக்காரர் குறுக்கே பாய்ந்தார். “வாலை மட்டும் தொடவே கூடாது சார். பயந்தா கழற்றிப் போட்டுடும்.”

“போட்டா மறுபடி முளைக்குமா?”

“முளைக்கும். ஆனா பழைய அழகு வராது. மொழுக்குன்னு, கோடு, புள்ளி ஒழுங்கா இல்லாம இருக்கும். புண் ஆறுற வரைக்கும் மண்ணை எடுத்துட்டு டிஷ்யூ விரிக்கணும். சேமிச்ச கொழுப்பு போச்சுல்ல, தீனியும் கொஞ்சம் கூட வைக்கணும்.”

இவ்வளவு அக்கறையாக இந்த ஆள் ஏன் கேட்கிறார்? கடைக்காரருக்குச் சந்தேகம் தட்டியது.

கண்ணாடிக்காரர் செல்போனை எடுத்தார். அதைப் பார்த்தார், வாலைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். கடை விளம்பரத்தில் போட்ட படத்தோடு ஒப்பிடுகிறார்!

“வேணாங்க” என்றார் கண்ணாடிக்காரர் பெருமூச்சுடன். “நல்ல பல்லிதான். எனக்குத்தான் சரிப்படாது.”

வாசல்வரை போனவர் நின்று திரும்பினார். “ஆனா ஒண்ணு சொல்லணும். உங்களை மாதிரி ஒளிவு மறைவு இல்லாம எடுத்துச் சொல்ற வியாபாரியை நான் பார்த்ததே இல்லை. நல்லா இருங்க.”

அவர் தெருவில் கால் வைத்தபோது, பல்லி ஓட்டுக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றி மறுபக்கம் தலை நீட்டியது. எதிரே கிடந்த தன் வாலையே முகர்ந்தது. பிறகு சாவகாசமாக அதைத் தின்னத் தொடங்கியது.

இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் போதும், சாட்சியே மிச்சமிருக்காது. ஆனால் ‘நல்லா இருங்க’ என்ற அந்த வார்த்தை கடைக்காரரை முள்ளாகக் குத்தியது.

“சார்! ஒரு நிமிஷம்!” ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “நான் அவ்வளவு நல்லவன் இல்லை சார். அந்தப் பல்லிக்கு வாலே இல்லை. நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி என் கையாலதான் கழண்டுச்சு. ஓட்டுக்குப் பின்னால நான்தான் சொருகி வச்சேன். போலீசைக் கூப்பிடணும்னாலும் கூப்பிடுங்க.”

கண்ணாடிக்காரர் கடைக்குள் ஓடினார். ஓட்டைத் தூக்கினார். மொட்டையாக நின்ற பல்லியைப் பார்த்துக் கைகூப்பினார்.

“ஆண்டவனே! இதைத்தாங்க இத்தனை நேரமா தேடினேன். உடனே கட்டிக் கொடுங்க!”

“சார்... போலீஸ்?”

“வந்தா முதல்ல என்னைத்தாங்க பிடிப்பாங்க. வால் இல்லாத பல்லி வேணும்னு கேட்டதுக்கு ரெண்டு கடையில ‘கொடுமைக்காரா’ன்னு துரத்திட்டாங்க. அதான் இங்க வாயைத் திறக்கல. சாயங்காலம் என் மக ஸ்கூல் முகாம்லேர்ந்து வந்துடுவா...”

குரல் இறங்கிப்போக, அவர் போனை நீட்டினார். அதில், போன வாரம் வால் விழுந்ததிலிருந்து அந்த மகள் தன் கையாலேயே புழு ஊட்டி வளர்த்த, நேற்று அப்பா தொட்டியை மூட மறந்து தொலைத்துவிட்ட மஞ்சள் பல்லி, மொட்டை வாலோடு சிரிப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தது.